டாக்டர் கேட்காத கேள்வி



இதழ் கைக்கு வந்ததும் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் படிக்கவே தொடங்குவதாக எழுதும் வாசகர்கள் நமக்கு நிறையப் பேர். கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர் சந்தா புதுப்பிக்கும்போதெல்லாம், மை வாசனைக்கும் சேர்த்துத்தான் இந்தப் பணம் என்று மணியார்டர் தாளின் அடியில் எழுதிவிடுவார். அந்த வாசனையைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை. தாள் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். நீங்கள் முகர்வது அடிமிச்சம். மீதி முழுவதையும் மூச்சில் வாங்கிக்கொள்கிறவர் வேறொருவர். இந்தப் பக்கம் அவரைப் பற்றியது.

ஆஃப்செட் மிஷின் ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளேட்டில் ஏறும் மை நேராகத் தாளுக்குப் போவதில்லை. நடுவில் பிளாங்கெட் என்று ஒரு ரப்பர் விரிப்பு, உருளையைச் சுற்றி இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். பிளேட் அதில் பதிக்கும், அது தாளில் பதிக்கும். நிறம் மாற்றும்போது, தூசு ஒட்டிப் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும்போது, ராத்திரி மிஷினை நிறுத்தும்போது, அந்த ரப்பரைத் துடைத்தாக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கான மைக்குத் தண்ணீர் உதவாது. நம் ஊர் அச்சகங்களில் மண்ணெண்ணெய், பெட்ரோல், இரண்டும் கலந்தது, கேனில் வரும் ‘வாஷ்’, தின்னர் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் புழங்கும். துடைப்பதற்குத் திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்.

நம் இதழ் அச்சாகும் இடத்தில் ஃபாரம் ஏறும் இரவுகளில் நான் போய் நிற்பது வழக்கம். மிஷின்மேன் கையில் ஒரு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் இருக்கும். மூடியில் ஆணியால் துளை போட்டிருப்பார். துணியில் அதைப் பீய்ச்சி, உருளை மெல்லச் சுற்றச் சுற்ற அழுத்தித் துடைப்பார். முகத்துக்கும் ரப்பருக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்தால் அதிகம். எல்லாம் முடிந்ததும் அதே பாட்டிலைக் கையில் ஊற்றித் தேய்த்துக் கழுவிக்கொள்வார். சோப்பு அப்புறம்தான்.

“கிளவுஸ் போடக் கூடாதாண்ணே?”

“போட்டா துணி பிடிபடாது சார். வழுக்கும்.”

“சரி, நல்ல வாஷ்னா எப்படி இருக்கணும்?”

“சட்டுனு காயணும். காஞ்சாத்தான் உடனே அடுத்த ஷீட் ஓட்ட முடியும். மண்ணெண்ணெய்னா பிசுபிசுன்னு நிக்கும், பத்து ஷீட் வேஸ்ட் ஆகும்.”

அவர் சொன்னது தொழில் தெரிந்தவரின் சரியான பதில். ஆனால் சட்டென்று காய்வது என்றால் சட்டென்று காற்றில் கலப்பது என்றுதான் பொருள். கலந்தது அந்த அறையில்தான் நிற்கும். நிற்கிற காற்றைத்தான் அவர் சுவாசிக்கிறார். தொழிலுக்கு எது நல்ல குணமோ அதுவே நுரையீரலுக்குக் கெட்ட குணமாக இருப்பது கரைப்பான்களின் தலையெழுத்து.

இதை நான் யோசிக்கத் தொடங்கியது ஜப்பானில் ஒசாகா நகரத்து அச்சகம் ஒன்றின் கதையைப் படித்த பிறகு. பெரிய ஆலை எதுவும் இல்லை. விளம்பரங்கள், சுவரொட்டிகள் போன்றவற்றுக்கு வாடிக்கையாளர் நிறம் சரிபார்ப்பதற்காக நாலைந்து பிரதிகள் மட்டும் அச்சிட்டுத் தரும் புரூஃப் அச்சகம். இந்த வேலையின் தன்மையே ஆபத்தைக் கூட்டியது. ஐயாயிரம் பிரதி ஓட்டுகிறவர் ஒரு முறை துடைத்தால் போதும். நாலு பிரதி ஓட்டுகிறவர் நாலுக்கு ஒரு முறை துடைக்க வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை. அறையில் காற்றோட்டம் போதாது. ஆவியை வடிகட்டும் முகக்கவசமும் தரப்படவில்லை.

2011-ல், அங்கே வேலை பார்த்து இறந்துபோனவர்களுக்கு வேண்டியவர்கள் தொழிலாளர் பாதுகாப்பு மையம் ஒன்றின் கதவைத் தட்டினார்கள். ஒரே அச்சகத்து இளைஞர்களுக்கு வரிசையாக ஒரே நோய் வருகிறதே, இது தற்செயல்தானா என்பது அவர்கள் கேள்வி. ஷின்ஜி குமாகாய் என்ற தொழில்நல ஆய்வாளர் விசாரணையில் இறங்கினார். வந்த நோய், கல்லீரலிலிருந்து பித்தநீரைக் கொண்டுபோகும் குழாய்களில் வரும் புற்றுநோய். பொதுவாக அறுபது எழுபது வயதில் வருவது, அதுவும் அபூர்வமாக. இவர்களுக்கோ நோய் கண்டபோது வயது 25 முதல் 45 வரை. கல்லீரல் புழு, பித்தக்குழாய்க் கல் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் இவர்களிடம் இல்லை. புரூஃப் பிரிவில் வேலை செய்த ஆண்கள் 62 பேரைத் தேடிக் கணக்கெடுத்தார் குமாகாய். 11 பேருக்கு இந்தப் புற்றுநோய் உறுதியாகியிருந்தது, அவர்களில் 6 பேர் இறந்திருந்தார்கள். அந்த வயது ஜப்பானிய ஆண்களிடம் இந்த நோயால் இயல்பாக எதிர்பார்க்கக்கூடிய சாவைப்போல் ஏறக்குறைய 2,900 மடங்கு. நான் அந்த எண்ணை அச்சுப்பிழை என்று நினைத்து மறுபடி பார்த்தேன். அச்சுப்பிழை இல்லை. பின்னாளில் அதே அச்சகத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை 17-ஐத் தொட்டது.

11 பேருக்கும் பொதுவாக இருந்த பொருள், மை துடைக்கும் திரவத்தில் இருந்த டைகுளோரோபுரோப்பேன். 7 முதல் 17 ஆண்டுகள் அதோடு பழகியிருந்தார்கள். முதன்முதலில் தொட்ட நாளுக்கும் நோய் தெரிந்த நாளுக்கும் இடையே 7 முதல் 20 ஆண்டுகள். உடம்பு நஞ்சை முறிக்கக் கல்லீரலில் வைத்திருக்கும் ஏற்பாடு ஒன்று இந்தப் பொருளைப் பிடித்து மாற்றும்போது, மாறிய வடிவம் பித்தக்குழாய்ச் செல்களின் மரபுப்பொருளைத் தாக்குகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது காவல்காரனே கதவைத் திறந்துவிடுகிறான்.

இந்தக் கதையில் எனக்கு ஆறாத இடம் இது. அந்தத் திரவம் வாங்கப்பட்டபோது அதன் மீது தடை கிடையாது. முன்பு அதிகம் புழங்கிய டிரைகுளோரோஈத்தேன் ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மாண்ட்ரியல் உடன்படிக்கையால் விலக்கப்பட்டது. டைகுளோரோமீத்தேனுக்கோ அரசுக் கட்டுப்பாடு இருந்தது. கட்டுப்பாட்டுப் பட்டியலில் பெயர் இல்லாத பொருளைத் தேடியவர்கள் கையில் டைகுளோரோபுரோப்பேன் கிடைத்தது. லியோனில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1999-ல் அதை மதிப்பிட்டு, மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்ற மூன்றாம் வகுப்பில் வைத்தது. ஆதாரம் இல்லை என்பதைக் கேடு இல்லை என்று படித்துக்கொள்வது வியாபாரத்துக்கு எளிது. அதே நிறுவனம் 2014-ல் மறுபடி உட்கார்ந்து, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்ற முதல் வகுப்புக்கு அதை மாற்றியது. நடுவில் தேவைப்பட்ட ஆதாரம் எங்கிருந்து வந்தது? அந்த இளைஞர்களின் உடம்பிலிருந்து.

ஜப்பான் அரசு 2013 மார்ச்சில் இதைத் தொழிலால் வந்த நோய் என்று ஏற்று இழப்பீடு கொடுத்தது. அதில் ஒரு சிக்கல் இருந்தது, அதைத் தீர்த்த விதம் நம் அதிகாரிகள் கவனிக்க வேண்டியது. இறந்தவரின் குடும்பம் ஐந்தாண்டுக்குள் கோர வேண்டும் என்பது அவர்கள் சட்டம். சிலர் இறந்து அதற்கும் மேலாகிவிட்டது. காரணம் இன்னதென்று தெரியாத குடும்பம் எப்படிக் கோரும்? காரணம் உறுதியான பிறகே கெடு ஓடத் தொடங்கும் என்று அரசு எடுத்துக்கொண்டது. அப்புறம் 2016 முதல், 640 ரசாயனங்களுக்கு வேலையிடத்தில் என்ன ஆபத்து என்று மதிப்பிட்டுப் பார்ப்பதை எல்லா நிறுவனங்களுக்கும், சிறியவை உட்பட, கட்டாயமாக்கினார்கள்.

ஒசாகாவில் உண்மை வெளிவந்ததற்கு ஒரு காரணம், நோய் அபூர்வமானது என்பது. அமெரிக்காவின் லூயிவில் நகரில் நடந்ததும் அப்படித்தான். பிவிசி பிளாஸ்டிக் தயாரிக்கும் ஆலை ஒன்றின் மருத்துவர் ஜான் கிரீச், கல்லீரல் ரத்தக்குழாய்களில் வரும் ஒரு கட்டியை ஒரே ஆலைத் தொழிலாளர்கள் மூவரிடம் கண்டார். அந்த நாடு முழுவதிலுமே ஆண்டுக்கு ஓரிரு டஜன் பேருக்கு வருகிற நோய் அது. ஒரே வாசல் வழியாக மூன்று பேருக்கு வந்தது தற்செயலாக இருக்க முடியாது என்பது அவருக்கு உறைத்தது. 1974 ஜனவரியில் செய்தி வெளியானது. பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான வினைல் குளோரைடு வாயுதான் காரணம். இத்தாலியில் சீசரே மால்டோனி இதே கட்டியை எலிகளிடம் அதற்கு முன்பே பார்த்திருந்தார், ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனங்கள் அதை வெளியே விடாமல் வைத்திருந்தன என்பதும் பிறகு தெரிந்தது. வேலையிடக் காற்றில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த அளவை அமெரிக்க அரசு 1 பங்காகக் குறைத்தது. அப்படியானால் தொழிலையே மூட வேண்டியதுதான் என்றார்கள் முதலாளிகள். தொழில் மூடவில்லை. தப்பிப்போகும் வாயுவைப் பிடித்து மறுபடி உலைக்குள் விடக் கற்றுக்கொண்டார்கள். ‘இதைச் செய்தால் தொழில் அழிந்துவிடும்’ என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு லூயிவில் ஞாபகம் வரும்.

சரி, நோய் அபூர்வமாக இல்லாவிட்டால்? நுரையீரலிலோ ரத்தத்திலோ சிறுநீர்ப்பையிலோ வந்தால்? அந்தக் கட்டிகளில் ‘இது ஆலையில் வாங்கியது’ என்று முத்திரை எதுவும் இருக்காது. நுண்ணோக்கிக்கு அடியில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பத்து, இருபது, சில சமயம் முப்பது ஆண்டுகளும் ஓடிவிட்டிருக்கும். அதற்குள் அவர் அந்த வேலையை விட்டு வாட்ச்மேனாகவோ மளிகைக் கடை வைத்தோ பிழைத்துக்கொண்டிருப்பார். பழைய சாயப்பட்டறை பெயர் மாறியிருக்கும், அல்லது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்திருக்கும்.

நம் ஊர் மருத்துவமனை வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்விகள் பழக்கம்: பீடி, சிகரெட் உண்டா? குடி உண்டா? வெற்றிலை, புகையிலை? வீட்டில் யாருக்காவது இருந்ததா? எல்லாம் கேட்க வேண்டியவைதான். தொழில் என்ற கட்டத்தில் மட்டும் ‘கூலி’ என்று எழுதி நகர்ந்துவிடுவார்கள். எதற்குக் கூலி, எந்தப் பொருளோடு, எத்தனை வருஷம் என்று கேட்க அந்த நெரிசலில் நேரமில்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸினி 1700-லேயே, நோயாளியின் வீட்டுக்குப் போகும் மருத்துவர் முன்னோர் சொன்ன கேள்விகளோடு அவர் செய்யும் தொழில் என்ன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று எழுதிவைத்தார். தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவருடைய நூலை 1713-ல் விரித்தபோது அச்சுத் தொழிலாளிகளுக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார். மூன்று நூற்றாண்டு கழிந்தும் நம் ஓ.பி. சீட்டில் அந்தக் கட்டம் ஒரே சொல்லால் நிரம்பிவிடுகிறது.

கேட்டவர்களால் என்ன முடிந்தது என்பதற்கு இஸ்தான்புல் சாட்சி. அங்கே ரத்தநோய் மருத்துவராக இருந்த முஸஃபர் அக்சோய், செருப்புத் தொழிலாளிகள் அடிக்கடி தன்னிடம் வருவதைக் கவனித்தார். சிறு சிறு அறைகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தோலை ஒட்டுகிறவர்கள். ஒட்டும் பசையில் பென்சீன். 1974-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் சுமார் 28,500 தொழிலாளிகளுக்கு இடையே 26 ரத்தப் புற்றுநோயாளிகளைக் காட்டினார். பென்சீன் பசை படிப்படியாக விலக்கப்பட்ட பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘சொல்யூஷன்’ தடவும் பெண்கள் நம் வாசகர்களிலும் உண்டு. உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள். சொல்யூஷன் என்றால் சொல்யூஷன்தான் என்பார். விடாதீர்கள், லேபிளைக் காட்டச் சொல்லுங்கள்.

சாயத் தொழிலின் கதை இன்னும் பழையது. ஃபிராங்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், மெஜந்தா சாயம் தயாரிப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதை 1895-லேயே சொன்னார். பென்சிடின், நாஃப்தைலமீன் போன்ற பொருள்கள்தான் முதன்மைக் குற்றவாளிகள் என்று நிறுவுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இந்தியாவில் 1990-களில் பென்சிடின் சாயங்களும் வேறு பல அசோ சாயங்களுமாக நூற்றுக்கு மேற்பட்டவை தடை செய்யப்பட்டன. அதே பத்தாண்டில் ஜெர்மனி, இத்தகைய சாயம் ஏறிய துணி தன் நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டது. திருப்பூரிலும் கரூரிலும் சாயத்தை மாற்ற வைத்ததில் அந்த ஐரோப்பியச் சட்டத்துக்குப் பெரும் பங்கு என்பது அங்கே தொழில் செய்தவர்களுக்குத் தெரியும். உடுத்துகிறவர் தோலுக்காக வந்த கவலையால், சாயத்தொட்டியில் கை விட்டவருக்கும் நன்மை கிடைத்தது. எந்த வழியாக வந்தாலும் நல்லதுதான், வரிசை மட்டும் தலைகீழ்.

சென்ற இதழில் வந்த அச்சகங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். அப்பா முப்பது வருஷம் மிஷின்மேன், சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இறந்தார், அச்சகம்தான் காரணமா, சொல்லுங்கள் சார் என்று கேட்டிருந்தார். அம்மா, எனக்குத் தெரியாது. ஒரு தனி மனிதரின் நோயை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அச்சுத் தொழிலில் ஏற்படும் ரசாயனத் தொடர்பை லியோன் நிறுவனம் 1996-லேயே, புற்றுநோய் தரக்கூடும் என்ற சந்தேக வகுப்பில் வைத்திருக்கிறது. பெட்ரோலையோ 2025-ல் முதல் வகுப்பிலேயே சேர்த்துவிட்டது, அதில் பென்சீன் கலந்திருக்கிறது. ஆனால் இந்த வகுப்புகள், ஒரு பொருளுக்கு அந்தத் தன்மை உண்டா என்பதற்கான சான்று எவ்வளவு வலுவானது என்று மட்டுமே சொல்கின்றன. எவ்வளவு, எத்தனை காலம், எப்படிப்பட்ட அறையில் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒருவருக்கான ஆபத்து. உங்கள் அப்பா பீடி பிடிப்பார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சாய ஆலைகளில் கட்டி உண்டாக்கிய அதே நாஃப்தைலமீன் புகையிலைப் புகையிலும் சிறிதளவு இருக்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. பீடியைச் சொல்லித் தொழிலை மறைப்பதும் தவறு, தொழிலைச் சொல்லிப் பீடியை மன்னிப்பதும் தவறு. அப்பாவுடைய பழைய கூட்டாளிகள் யாராவது தொடர்பில் இருந்தால் அவர்களில் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்துப் பாருங்கள். ஒசாகாவிலும் அங்கிருந்துதான் தொடங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இங்கே போட்டுவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களுக்கே இது தெரிவதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், மூன்றாவது அட்டவணையில் உள்ள நோய் ஒன்று தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இருப்பதாக ஒரு மருத்துவர் கருதினால், தாமதமின்றித் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்த அட்டவணையில் ‘தொழில்சார் புற்றுநோய்’ என்ற பெயர் பளிச்சென்று இருந்தது. அதன் இடத்தில் கொண்டுவரப்பட்ட 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். நான் விசாரித்த மருத்துவ நண்பர்கள் யாரும் தம் வாழ்நாளில் அப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. கேட்டபோது ஒருவர் சிரித்தார், இன்னொருவர் குறித்துக்கொண்டார்.

ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு இன்னொன்று. வேலையால் வந்த நோய் என்று ஏற்கப்பட்டால், அது மிஷினில் கை மாட்டிக்கொண்டதற்குச் சமம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம், இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை என்று வழி இருக்கிறது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைக்குப் பொதுவாக ஈ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. புதிய தொகுப்பில், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தைத் தொழிற்சாலை என்று எண்ண 10 பேர் போதும் என்றிருந்தது 20 ஆக உயர்ந்துவிட்டது. சிவகாசியிலும் சென்னை ராயப்பேட்டை, திருவல்லிக்கேணிச் சந்துகளிலும் நாலு பேர், ஆறு பேர் வைத்து ஓடும் மினி ஆஃப்செட் அச்சகங்கள் எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். ஆபத்து அதிகம் இருக்கும் சின்ன அறைக்குள்தான் சட்டம் நுழைய மறுக்கிறது.

அந்தச் சின்ன அறைக்காரர்களுக்குச் சில விஷயங்கள். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த முகக்கவசம், துணியானாலும் என்-95 ஆனாலும், ஆவியைத் தடுக்காது. கரித்தூள் வடிகட்டி வைத்த கவசம்தான் ஆவிக்கு. கடையில் கிடைக்கும் எல்லாக் கையுறையும் எல்லாத் திரவத்துக்கும் ஆகாது. டைகுளோரோமீத்தேன் சாதாரண நைட்ரைல் கையுறைக்குள் சில நிமிஷத்தில் புகுந்துவிடும், போட்டிருக்கிறோம் என்ற தைரியம்தான் மிஞ்சும். மூக்கை நம்பாதீர்கள். ஒரே வாசனையில் கொஞ்ச நேரம் நின்றால் மூக்கு மரத்துப்போகும், பென்சீனோ மூக்குக்குத் தெரியும் முன்பே பாதுகாப்பு அளவைத் தாண்டியிருக்கும். கவசம், கையுறை எல்லாம் கடைசி வழிதான். முதல் வழி, கேனுக்கு மூடி. நனைந்த துணிக்கு மூடி போட்ட தகர டின். நின்ற காற்றை வெளியே இழுக்கும் ஃபேன், அதுவும் திரவம் ஆவியாகும் இடத்துக்கு அருகில். அதற்கும் முன்னால், பொருளையே மாற்றுவது. டென்மார்க் அச்சகங்களில் 1980-களின் கடைசியிலிருந்தே தேங்காய், சோயா போன்ற எண்ணெய்களிலிருந்து தயாரித்த கழுவுதிரவத்தைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அது லேசில் ஆவியாகாது. அதனாலேயே துடைக்கக் கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும், மறுபடி ஒரு முறை ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டும். வேலை உடுப்பை வீட்டில் குழந்தைகள் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது அக்காமார்களுக்கு.

நம் அச்சகத்தாரிடம் இதையெல்லாம் சொன்னேன். எண்ணெய்த் திரவத்தை இரண்டு கேன் வாங்கி ஓட்டிப் பார்ப்பதாக முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார். துடைக்கப் பிடிக்கும் கூடுதல் நேரத்துக்கான கூலியை இதழ் ஏற்கும். ஆகவே அடுத்த மாதம் இதழ் ஓரிரு நாள் தாமதமாக வந்தால் போன் போட்டுத் திட்டாதீர்கள், காரணம் இதுதான். மிஷின்மேனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. “ஆர்ட் பேப்பர்ல ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் சார்” என்றிருக்கிறார். அவர் சொல்வதை அப்படியே அடுத்த இதழில் போடுகிறேன், பாதகமாக இருந்தாலும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சாயப்பட்டறை, அச்சகம், தோல் ஷெட், பெயின்ட் அடிக்கும் வேலை, பெட்ரோல் பங்க், பேட்டரி, ரப்பர், ஃபவுண்டரி, மரப்பட்டறை எதில் நீங்கள் இருந்திருந்தாலும், ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள்: எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, எந்த ஊர், என்ன வேலை, எந்தப் பொருளைத் தொட்டீர்கள், டப்பாவின் பெயர் நினைவிருந்தால் அதுவும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கேட்டு எழுதி வாங்குங்கள். தாளை ரேஷன் கார்டு வைக்கும் கவரிலேயே போட்டு வையுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போனாலும், டாக்டர் கேட்காவிட்டாலும், மேஜைமேல் வையுங்கள். ஒரு நகல் எங்களுக்கும் அனுப்பினால், பெயர் போடாமல், பயன்படும் விவரங்களை வெளியிடுவோம். ஈ.எஸ்.ஐ. கோரிக்கை பற்றிய உங்கள் கேள்விகளுக்குத் தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் ஒருவர் அடுத்த இதழிலிருந்து பதில் சொல்ல இசைந்திருக்கிறார். கேள்விகள் இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் அலுவலகத்துக்கு வந்துசேர வேண்டும், உறையின் மேல் ‘வேலையும் நோயும்’ என்று குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்